அட்டை போட்ட அறுபது புத்தகங்கள்

அகஸ்டின் சார் இருக்கிற நூலகத்தில் புத்தகம் கிழியாது என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் சும்மா வந்துவிடவில்லை. புதுப் புத்தகம் வந்து இறங்கினால் முத்திரை குத்தி, எண் போட்டு, அப்புறம் ஒரு முழுச் சாயங்காலம் உட்கார்ந்து பழுப்புத்தாளில் அட்டை போடுவார். தாளை வெட்டுகிற அளவு, மூலையை மடிக்கிற விதம், முதுகில் எண் ஒட்டுகிற உயரம் எல்லாம் ஒரு நூல் பிசகாது. அட்டையின் நடுவில் புத்தகத்தின் பேரைக் கறுப்பு மையில் குண்டு குண்டாக எழுதுவார். ஆய்வுக்கு வரும் மேலதிகாரிகள் மற்றக் கிளை நூலகர்களையும் கூட்டி வந்து, "அலமாரின்னா இப்படி இருக்கணும், பாத்துக்குங்க" என்று காட்டிவிட்டுப் போவார்கள். அப்போதெல்லாம் அகஸ்டின் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார். பெருமை பாவம் என்று சின்ன வயதிலேயே ஞானோபதேச வகுப்பில் படித்தவர்தான். ஆனாலும் ஒரு துளி உள்ளே இறங்கத்தான் செய்யும்.

மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தக் கிளை நூலகம். தொண்ணூற்றாறாம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள் காலையில் கோமளம் மாமி அங்கே வந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பகுதிக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தலைவி. குழு என்றால் பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. ஒரு குழந்தை மருத்துவர், பங்குக் கோயில் பள்ளியிலிருந்து ஒருவர், மூன்று பால்வாடி டீச்சர்கள், தாய்மார்கள் இரண்டு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியின் வீட்டுக் கூடத்தில் கூடித் தடுப்பூசி, எடை, சத்துமாவு என்று பேசிவிட்டுக் காபி குடித்துக் கலைவார்கள்.

"அகஸ்டின் சார், ஒண்ணு கேக்கறேன். உங்க லைப்ரரிக்கு அஞ்சு வயசுக்குக் கீழே எத்தனை பேர் வரா?" என்றார் மாமி.

"யாரும் வர மாட்டாங்க மாமி. மெம்பராக எட்டு வயசு முடிஞ்சிருக்கணும். ரூல் அப்படி."

"எட்டு வயசு வரைக்கும் ஆத்துல ஒரு புஸ்தகத்தைக் கண்ணால பாக்காத குழந்தை, ஒன்பதாவது வயசுல உங்க வாசப்படியை மட்டும் எப்படி மிதிக்கும்?"

அகஸ்டின் பேனாவை மூடி வைத்தார். மாமியே தொடர்ந்தார்.

"குழந்தைகள் இங்க வர முடியாதுன்னா புஸ்தகம் அங்க போகட்டுமே. கால்வாய்க்கரை பால்வாடில முப்பத்திரண்டு குழந்தைகள் இருக்கு. தங்கம்னு டீச்சர். ரொம்பப் பொறுப்பான பொண்ணு. ஒரு பெட்டியில ஒரு அறுபது படப் புஸ்தகம் போட்டு அவகிட்ட குடுங்கோ. குழந்தை ஆத்துக்கு எடுத்துண்டு போகட்டும், ரெண்டு நாள் வெச்சுண்டு திருப்பித் தரட்டும்."

"ஜாமீன் கையெழுத்து வேணும் மாமி. வீட்டு வரி கட்டறவங்க யாராவது..."

"நான் கட்டறேனே. அறுபது புஸ்தகத்துக்கும் நானே போடறேன். இன்னும் ஏதாவது ரூல் பாக்கி இருக்கா?"

பாக்கி இருந்தது. மாவட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அகஸ்டின் எழுதிப் போட்டார். அலுவலர் அப்துல் வஹீத் நல்ல மனிதர். மூன்று மாதத்துக்கு அனுமதி கொடுத்தார். மூன்று மாதம் முடிந்ததும் புத்தகங்கள் எப்படிப் பயன்பட்டன என்று நூலகர் அறிக்கை அனுப்ப வேண்டும். பயன்பட்டிருந்தால் பெட்டி அங்கேயே இருக்கும். இன்னும் ஐந்து கிளைகள் தங்கள் பக்கத்துப் பால்வாடிகளுக்கு இதே மாதிரி பெட்டி கொடுக்கும். பயன்படாவிட்டால் பெட்டி திரும்பி வரும், திட்டம் அதோடு முடிந்துபோகும். உத்தரவில் அப்படித்தான் இருந்தது.

அகஸ்டினுக்கு இதில் உண்மையாகவே ஆசை வந்துவிட்டது. குழந்தைகள் அலமாரியிலிருந்து அறுபது படப் புத்தகங்களைத் தாமே பொறுக்கினார். எல்லாம் புதிது, இன்னும் தாள் போடாதது, மொழுமொழுவென்ற மேலட்டை. ஆனை, ரயில், பூனை, மழையில் குடை பிடித்த தவளை. இவை கால்வாய்க்கரைக்குப் போகப் போகின்றன, கிழிந்துவிடக் கூடாதே என்று நினைத்தார். வழக்கமாக ஒரு சுற்றுத் தாள் போடுகிறவர், இதற்கு இரண்டு சுற்றுப் போட்டார். சாந்தோமில் தம் வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று நாள் உட்கார்ந்தார்.

அவர் மனைவி ஆனி, பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கூடம் முழுக்க அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பழுப்பு அங்கி போட்ட அறுபது கப்புச்சின் சாமியாருங்கள வரிசையா நிக்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"சிரிக்காத. புஸ்தகம் பத்திரமா இருக்கும்ல?"

"பத்திரமா இருக்கும். ஜெபம்கூட பண்ணும்."

பெட்டி ஒரு தகரப் பெட்டி. அதன் மூடியின் உட்புறம் அகஸ்டின் ஒரு தாள் ஒட்டினார். கை கழுவிய பின்பே புத்தகத்தைத் தொட வேண்டும். அட்டையைக் கழற்றக் கூடாது. பால்வாடியில் ஆசிரியை மட்டுமே பக்கத்தைப் புரட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், திங்கள் காலை எண்படி சரிபார்த்து அடுக்க வேண்டும். இப்படிப் பத்து விதி. செப்டம்பர் முதல் வாரத்தில் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தங்கம் டீச்சர் நின்றபடியே பத்தையும் படித்தாள்.

முப்பது வயசுக்குள் இருக்கும். ஒல்லியான பெண். பால்வாடி ஓட்டுக்கூரை போட்ட ஒரே அறை. ஜன்னலுக்கு வெளியே பறக்கும் ரயிலுக்காக எழுப்பிய தூண்கள் கால்வாய் ஓரமாக நடந்துபோவது போல வரிசையாகத் தெரியும்.

"எதுவும் ஆவாம பாத்துக்கறேன் சார்" என்றாள் தங்கம். குரலில் பயம் இருந்தது. அகஸ்டினுக்கு அந்தப் பயம் திருப்தியாக இருந்தது. பொறுப்பு என்று அதை எடுத்துக்கொண்டார்.

கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. புத்தகம் கொடுக்கிற நாளும் அதுவே. அதனால் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று அகஸ்டின் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. காலைப் பூசை, மார்க்கெட், மத்தியானம் ஒரு தூக்கம் என்று அவருடைய வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. பதிவேட்டை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை தங்கம் நூலகத்துக்கு எடுத்து வருவாள். செப்டம்பரில் அதில் ஒரே ஒரு பேர் இருந்தது. அக்டோபரில் இரண்டு.

"ஏன் டீச்சர், யாரும் எடுக்கறதில்லையா?" என்றார் அகஸ்டின்.

தங்கம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நான் எடுத்து வெச்சி கதை சொன்னா ஆசையாத்தான் கேக்குதுங்க சார். வெள்ளிக்கிழமை பெட்டியத் தொறந்து, உனக்கு எது வேணும் எடுத்துக்கோன்னா, அப்படியே பாத்துகினு நிக்குதுங்க. மேல படம் தெரிஞ்சா நல்லாருக்கும் சார்."

"மேல படம் தெரிஞ்சா படம் அழுக்காகும். உள்ள எவ்ளோ படம் இருக்கு!"

"ஆமா சார்" என்றாள் தங்கம். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

நவம்பரில் பதிவேட்டில் ஒரு பேரும் இல்லை.

அகஸ்டினுக்கு வருத்தமாக இருந்தது. கோபம் யார் மேலும் இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு இன்னும் நேரம் வரவில்லை போலிருக்கிறது, வயிறு நிறைந்த பிறகுதானே புத்தகம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மூன்று மாதம் முடிந்தது. டிசம்பர் முதல் சனிக்கிழமை அறிக்கையை எழுதினார். 'அறுபது புத்தகங்களும் நல்ல நிலையில் உள்ளன. குழந்தைகளிடம் ஆர்வம் காணப்படவில்லை.' தபாலில் போட்டுவிட்டுக் கோமளம் மாமியிடமும் சொன்னார்.

"தங்கத்துக்குச் சொல்லிட்டேளா?"

"திங்கக்கிழமை பெட்டிய எடுக்கப் போறேன். அப்ப சொல்லிக்கறேன் மாமி."

"மெதுவாச் சொல்லுங்கோ. அந்தப் பொண்ணு இதை ரொம்ப நம்பிண்டிருந்தது. பக்கத்துல புதுசா ஒரு எல்.கே.ஜி. தொறந்திருக்கா, தாய்மார்கள்லாம் உங்க பால்வாடில கஞ்சியைத் தவிர என்ன இருக்குன்னு கேக்கறாளாம். இனிமே அவ என்னத்தைக் காட்டுவா?"

ஞாயிறு முழுக்க மழை கொட்டியது. திங்கட்கிழமை காலை விட்டுவிட்டுத் தூறியது. அகஸ்டின் மூன்று சக்கரத்தில் மிதித்து ஓட்டுகிற மீன்பாடி வண்டி ஒன்றைப் பேசி அழைத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனார். வண்டிக்காரர் வலியுல்லா வாய் மூடாத மனிதர்.

"பெட்டில இன்னா சார் கீது?"

"புத்தகம்."

"அப்ப கனமா இருக்கும்" என்று அலுத்துக்கொண்டார் வலியுல்லா. "மீனுன்னா தலைக்கு மேல தூக்கினாலும் பாரம் தெரியாது. புஸ்தகம் அப்டி இல்ல நைனா, முதுக ஒடச்சிடும்."

பால்வாடி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆயா ஹாஜிரா பீ எதிரே ஓடி வந்தாள். முகமே சரியில்லை.

"சார், கோச்சிக்காதீங்க. ராவெல்லாம் ஓட்டுல ஒழுகிட்ச்சி. பெட்டி மேலயே சொட்டிகினு இருந்துகீது. எல்லாம் நல்லா கீது, மூடி சந்துல எறங்கி மேல இருந்த ஒண்ணு மட்டும் நனைஞ்சி பூட்ச்சி."

"நனைஞ்சிடுச்சா? எது?"

"தாள் எல்லாம் கூழாப் பூட்ச்சி சார். அதான் உரிச்சிட்டு காயப் போட்டுகிறேன். டீச்சர் மேல தப்பு இல்ல. நான்தான் உரிச்சேன்."

ஓடு ஒழுகுகிற இடத்திலா பெட்டியை வைப்பது என்று கேட்கத்தான் அகஸ்டின் வாயைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவர் இந்தக் கிளைக்கு வந்த பதினொரு வருஷத்தில் நனைந்த முதல் புத்தகம். நாலு வார்த்தை சூடாகவே தயாராக இருந்தன.

அறையின் மூலையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. குழந்தைகளின் ஜட்டிகளுக்கும் ஒரு கரித்துணிக்கும் நடுவே, இரண்டு கிளிப்பில் அந்தப் புத்தகம் விரிந்து தொங்கியது. பழுப்புத்தாள் இல்லாமல், மேலட்டை வெளியே தெரிய. பச்சைப் பின்னணியில் ஒரு நீல ஆனை, தும்பிக்கையில் ஒரு வாளியோடு. அதற்குக் கீழே தரையில் முப்பது குழந்தைகள் அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தன. கஞ்சித் தட்டுகள் பின்னால் தனியாகக் கிடந்தன.

"ஆனை குளிச்சிகினு கீது" என்றது ஒன்று.

"இல்ல, தண்ணி புடிக்க வந்துகீது. கொழாயடிக்கு."

"எனக்கு ஆனை புக்கு. டீச்சர், எனக்கு!"

"நான்தான் மொதல்ல கேட்டேன்! காயட்டும், காயட்டும், எனக்குத்தான்."

தங்கம் சுவரோரமாக நின்றாள். அகஸ்டினைப் பார்த்ததும் கையைக் கூப்பினாள். "காத்தாலேருந்து இதே ரகளை சார். கஞ்சி குடிக்க மாட்டேங்குதுங்க. அது எப்ப காயும், எப்ப காயும்னு கேட்டுகினே கீதுங்க."

அகஸ்டின் கயிற்றைப் பார்த்தார். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்குள் ஐம்பத்தொன்பது புத்தகங்கள் ஒரே நிறத்தில், ஒரே அளவில், அவருடைய அழகான குண்டு எழுத்தோடு அடுக்கியிருந்தன. எழுத்துத் தெரியாத குழந்தையின் கண்ணுக்கு அவை ஐம்பத்தொன்பது செங்கல்.

"டீச்சர்," என்றார், "வெள்ளிக்கிழமைல என்ன நடக்கும்? ஒண்ணும் விடாம சொல்லுங்க."

தங்கம் கொஞ்சம் தயங்கினாள். "எது ஆனைன்னு கேக்கும் சார். நான் பேரப் படிச்சித் தேடுவேன். அதுக்குள்ள வேற ஒண்ணு ரயில் எதுன்னு கேக்கும். அம்மாங்களுக்குப் படிக்கத் தெரியாது, தேடித் தர முடியாது. அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாச்சி, அப்பறம் பாக்கலாம்னு இழுத்துகினு பூடுவாங்க. அதான் நான் அன்னைக்கி..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் சொன்னது அகஸ்டினுக்கு நினைவு இருந்தது. தாம் சொன்ன பதிலும் நினைவு இருந்தது. ஒருவர் உண்மையைச் சொல்லும்போது அது மெல்லிய குரலில் வந்தால் நாம் காது கொடுப்பதில்லை. ஆண்டவர் பெரும்பாலும் மெல்லிய குரல்காரர்களிடம்தான் சொல்லி அனுப்புகிறார் போலிருக்கிறது.

அவர் தரையில் உட்கார்ந்தார். மேலாக இருந்த புத்தகத்தை எடுத்து, மடிப்பில் நகத்தை விட்டுத் தாளைக் கழற்றினார். மூன்று நாள் உட்கார்ந்து போட்ட அட்டை ஒரே இழுப்பில் வந்துவிட்டது. குடை பிடித்த தவளை வெளியே வந்தது.

"தவளை!" என்று ஒரு சத்தம். முப்பது தலைகளும் இந்தப் பக்கம் திரும்பின.

அடுத்தது ரயில். அதற்கடுத்தது பூனை. பிறகு அவரை யாரும் நிம்மதியாகக் கழற்ற விடவில்லை. ஒரு பையன் மடியிலேயே ஏறி உட்கார்ந்து, "உள்ள இன்னா கீது, சீக்கிரம் எடு" என்று தாடையைத் தட்டினான். தங்கமும் ஹாஜிரா பீயும் ஆளுக்குப் பத்தாக எடுத்து உரிக்க ஆரம்பித்தார்கள். பழுப்புத்தாள் அறை முழுக்கக் குவிந்தது.

வாசலில் வலியுல்லா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பெட்டியத் தூக்கலாமா? நடு ரோட்ல வண்டிய வுட்டுட்டு நிக்கறேன், லாரிக்காரன் திட்டறான்."

"பெட்டி வரல வலியுல்லா. இங்கியே இருக்கட்டும்."

"இத மொதல்லியே சொல்லியிருந்தா நான் மழைல மிதிச்சிகினு வந்திருக்க மாட்டேனே!" என்றார் அவர். போகவும் இல்லை. கதவில் சாய்ந்துகொண்டு, "அந்தப் புலி புஸ்தகத்த கொஞ்சம் இப்டி காட்டு பாப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் என்று அகஸ்டின் சொல்லிவிட்டார். மூன்று மணிக்குத் தாய்மார்கள் வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஆளுக்கு ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றன. அன்றைக்கு மட்டும் பதிவேட்டில் பத்தொன்பது பேர். ஈரமான ஆனைக்காக நாலு பேர் அழுதுகொண்டே போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஆனியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கப்புச்சின் சாமியார்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அறிக்கை போயிடுச்சே, அத என்ன பண்ணப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். அப்துல் வஹீத் மேஜையில் அந்தக் கோப்பே திறந்திருந்தது.

"வாங்க அகஸ்டின். உங்க ரிப்போர்ட்டத்தான் பாத்துகிட்டிருந்தேன். நாளைக்கு மீட்டிங். அஞ்சு பெட்டிய நிறுத்தச் சொல்லி எழுதப் போறேன்."

"அத எழுத வேணாம் சார். என் ரிப்போர்ட் தப்பு." அகஸ்டின் நடந்ததைச் சொன்னார். கயிற்றில் தொங்கிய ஆனையைச் சொன்னபோது வஹீத் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"யா அல்லா! உங்க அலமாரியக் காட்டிக் காட்டி நான் எத்தனை பேரத் திட்டியிருக்கேன் தெரியுமா?" பிறகு குரலைத் தணித்தார். "சரி, ஒண்ணும் கெட்டுப் போகல. புதுசா ஒரு ரிப்போர்ட் குடுங்க. மழைக்காலம், குழந்தைங்க வருகை குறைவு, அதனால இன்னும் மூணு மாசம் வேணும்னு எழுதுங்க. மழை பேஞ்சது உண்மைதானே? யார் மேலயும் பழி வராது. நேர்ல போய்ப் பாக்காமலே ஆர்வம் இல்லைன்னு எழுதினேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா அது உங்க சர்வீஸ் ஃபைல்ல ஏறும். ரிடையராக எட்டு வருஷம் இருக்கு உங்களுக்கு."

அகஸ்டின் வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். மழை என்று எழுதினால் பொய்யில்லை. மழை பெய்தது. பெட்டியும் தங்கத்திடமே இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் அந்த ஐந்து கிளைகளை நினைத்தார். ஐந்து பேரும் அவருடைய அலமாரிக்கு முன்னால் வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள். அரசாங்கப் புத்தகம் குடிசைப் பக்கம் போகிறது என்றதும் அவர்களும் இரண்டு சுற்றுத் தாள் போடுவார்கள். அங்கேயும் ஒரு டீச்சர் மெல்லிய குரலில் சொல்லுவாள். அங்கேயும் மூன்று மாதம் கழித்து ஒரு அறிக்கை எழுதப்படும். அங்கெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஓடு ஒழுக வேண்டுமே!

எழுதினார். அவர் எழுதியது இவ்வளவுதான்: 'குழந்தைகளிடம் ஆர்வம் இல்லை என்று நான் எழுதியது பிழை. படிக்கத் தெரியாத குழந்தைகள் மேலட்டைப் படத்தைப் பார்த்தே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்தப் படத்தை நான் பழுப்புத்தாளால் மறைத்திருந்தேன். பால்வாடி ஆசிரியை திருமதி தங்கம் இதை அக்டோபர் மாதமே என்னிடம் எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. புத்தகம் கொடுக்கும் நாளில் நான் ஒரு முறையும் நேரில் போகவில்லை. பால்வாடிகளுக்குப் போகும் புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டாம் என்று எல்லாக் கிளைகளுக்கும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவை கிழியும். கிழிவதற்கும் இடம் கொடுக்க வேண்டும்.'

வஹீத் அதை இரண்டு தடவை படித்தார். "மழைய விட்டுட்டீங்களே" என்றார்.

"விட்டுட்டேன் சார்."

அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பழைய அறிக்கைக்கு மேலே புதியதை வைத்துக் கோப்பைக் கட்டினார்.

பதினைந்து நாள் கழித்து ஒரே உறையில் இரண்டு தாள் வந்தது. ஒன்றில், கால்வாய்க்கரைப் பால்வாடிப் பெட்டிக்கு ஒரு வருஷ அனுமதி. ஐந்து கிளைகளுக்கும் பெட்டி, அட்டை போடாமல். ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தந்தப் பகுதிக் குழந்தைகள் நலக் குழு ஜாமீன். நூலகரும் குழுவும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். மற்றதில், முதல் அறிக்கையை விசாரிக்காமல் அனுப்பியதற்கு அகஸ்டின் விளக்கம் எழுத வேண்டும். அவர் ஒரே வரியில் எழுதினார்: 'வெள்ளிக்கிழமை என் விடுமுறை; போயிருக்க வேண்டும்.' அது அவருடைய கோப்பில் ஏறியது. அங்கேயே இருந்தது.

குழுவின் ஜனவரிக் கூட்டத்துக்கு அகஸ்டினும் போனார். கோமளம் மாமி காபி டம்ளரை நீட்டியபடி, "உங்களை மாதிரி ஒருத்தர் தப்பைத் தப்புன்னு எழுதினதுக்கு ஸ்வாமிக்கு ஒரு தேங்காய் உடைச்சேன், தெரியுமோ? உங்க மாதா கோவிச்சுக்க மாட்டாளே?" என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்கதானே மாமி" என்றார் அகஸ்டின். தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்.கே.ஜி.க்கு மாற இருந்த நாலு குழந்தைகளில் மூன்று இங்கேயே இருந்துவிட்டன என்று அன்றைக்கு அவள் கூட்டத்தில் சொன்னாள். அவள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நூலகம் திறந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வாசல் படிக்குக் கீழே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. கையில் மஞ்சள் பை. பேப்பர் படிக்கிறவர்கள் ஒருவர் இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். அகஸ்டின் எழுந்து வாசலுக்குப் போனார்.

"என்னம்மா வேணும்?"

"நான் ஆரோக்கியமேரி சார். பால்வாடில என் பொண்ணு கீது. சின்னது, மூணு வயசு." பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். "டீச்சராண்ட குடுக்க மனசு வரல. அவங்க பாவம். அதான் நானே உங்களாண்ட சொல்லிடலாம்னு வந்தேன்."

பூனைப் புத்தகம். நடுப் பக்கம் பாதி வரை கிழிந்திருந்தது. பூனையின் வாய் இருந்த இடத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பூனைக்கு பசிக்குதுன்னு சோறு ஊட்டிட்ச்சி சார். நான் பாக்கல. பாத்துட்டு வெடுக்குனு புடுங்கினேன், கிழிஞ்சி பூட்ச்சி. புள்ள மேல தப்பு இல்ல. நான் புடுங்கினதுதான்."

அகஸ்டின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பழைய அகஸ்டின் உள்ளுக்குள் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார். நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வாங்கம்மா. வெளிய ஏன் நிக்கறீங்க?"

"உள்ளியா?" அவள் படியைப் பார்த்தாள். "எட்டு வருசமா இந்தத் தெருவுல ரெண்டு வீட்ல வேல செய்றேன் சார். உள்ள வந்ததில்ல. வரலாமா?"

"வரலாம்."

ஆரோக்கியமேரி செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்தாள். அகஸ்டின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். அவர் பசைக் கிண்ணத்தை எடுத்து, மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றைக் கீற்றாக வெட்டி, கிழிசலில் வைத்து நீவினார். சோற்றுப் பருக்கைகளை ஈரத் துணியால் துடைத்தார். ஒன்றிரண்டு போகவில்லை. விட்டுவிட்டார்.

"பாப்பா பேரு என்ன?"

"ஷில்பா சார்."

"ஷில்பாவுக்கு அடுத்து எது வேணுமாம்?"

ஆரோக்கியமேரி முதல் தடவையாக நிமிர்ந்து, சுற்றி இருந்த அலமாரிகளைப் பார்த்தாள். குழந்தைகள் பகுதியில், ஜன்னல் ஓரத்தில் அகஸ்டின் சில புத்தகங்களைப் பழுப்புத்தாளைக் கழற்றி முகம் தெரிய நிறுத்தி வைத்திருந்தார். அவள் எழுந்து போய் அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு விரல் நுனியால் ஒன்றைத் தொட்டாள். வெயிலில் காயும் மீன் வலையும் பக்கத்தில் ஒரு படகும் அதன் மேலட்டையில் இருந்தன.

"இது பாப்பாவுக்கு இல்ல சார்," என்றாள், கூச்சத்தோடு. "இத நான் பாத்துட்டுத் தரட்டா?"

அகஸ்டின் ஜாமீன் கேட்கவில்லை. பதிவேட்டைத் திருப்பி, ஒரு புது வரியில் அவள் பேரை எழுதினார்.